கண்ணுக்குள் கட்டிய வரம்பு

நுணுக்குக்காட்டியில் அழுக்குத் தெரிந்தால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இரத்தம் பூசிய கண்ணாடித் துண்டை அசைத்துப் பார்க்க வேண்டும். அழுக்கும் கூட அசைந்தால் அது துண்டில் இருக்கிறது. அசையாவிட்டால் கண் வைக்கும் மேல்வில்லையைத் திருகிப் பார்க்க வேண்டும். கூடச் சுழன்றால் அது மேல்வில்லையில். இரண்டும் இல்லையென்றால் கீழ்வில்லையைத் துடைக்க வேண்டும். துடைத்தும் போகாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயிற்சி தந்தவர் சொல்லித் தரவில்லை. அப்படி ஒன்று வரும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கிளிநொச்சியில் மலேரியா ஒழிப்பு அலுவலகமான ஒரு கந்தோரில் இரத்தம் பார்க்கிறவனாக இருந்தேன். எங்கள் ஆட்கள் சைக்கிளில் உருத்திரபுரம், அதற்கப்பால் காட்டோரக் குடியேற்றங்கள் எல்லாம் போய், காய்ச்சல்காரரின் விரல் நுனியில் குத்தி எடுத்த துளிகள் கண்ணாடித் துண்டுகளில் காய்ந்து என் மேசைக்கு வரும். அந்த நாட்களில் மலேரியா ஏறக்குறைய ஒழிந்திருந்தது. நூறு துண்டு பார்த்தாலும் நூறிலும் ஒன்றும் இராது. இருந்தாலும் ஒன்றையும் விடாமல் பார்ப்பேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு கிருமியும் போகாது என்று எனக்குப் பெரிய தலைக்கனம். அதை மறைக்கவும் மாட்டேன்.

எங்கள் நுணுக்குக்காட்டிக்கு ஒரே குழாய். வலக்கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் இடக்கண்ணை மூடக்கூடாது. மூடினால் அரை மணித்தியாலத்தில் தலையிடி வந்துவிடும். அது திறந்தே இருக்கும், ஆனால் அது பார்ப்பதை மனம் வாங்காது. பழகப் பழக அந்தக் கண் ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஐந்து வருடத்தில் நான் அதை நன்றாகவே மறந்திருந்தேன்.

கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கந்தோருக்குப் பின்னாலேயே எங்களுக்கு இரண்டு அறை வீடு. நான் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்காரன். மனைவி முல்லைத்தீவுப் பக்கம், பெரிய அம்மன் கோயிலுக்குக் கிட்டப் பிறந்து வளர்ந்தவள். அந்தச் சித்திரையில் அவள் கர்ப்பமானாள். எதைக் கண்டாலும் குமட்டிச் சத்தி எடுத்தாள். மெலிந்து, நகமெல்லாம் வெளுத்துப்போனாள். அவளுடைய விரலிலும் நானே குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தேன். கிருமி இல்லை. ஆனால் செங்கலங்கள், அதாவது சிவப்பணுக்கள், வெளிறி, நடுவில் வெறுமையாய் இருந்தன. மருத்துவிச்சி அம்மாவும் உடம்பிலை இரத்தம் போதாது, நல்லாய்ச் சாப்பிடக் குடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனா.

அந்தக் கிழமைதான் காட்டோரத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு மாதத்துக்கு முதல் அவருடைய காய்ச்சலை எல்லாரும் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிட, அவருடைய துண்டில் கிருமியைக் கண்டவன் நான். அதற்குத்தான் இந்தப் போத்தல். உள்ளே காட்டுத்தேன். தேனுக்குள் விரல் நீளத்துக்குக் கீறி, புகையில் இலேசாக வாட்டிய மான் இறைச்சி. வன்னியில் அது பெரிய மரியாதை. ஒரு வருடம் வைத்திருந்தாலும் கெடாது என்றார். போகும்போது வாசலில் நின்று திரும்பி, “அடுப்பிலை மட்டும் வைச்சுப்போடாதேங்கோ, ஐயா. தேனைச் சுடவைச்சால் நஞ்சு” என்றார்.

மனைவி அதைக் கழுவி அவித்துக் கறி வைக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. தேன் சூடு கண்டால் நஞ்சாகும் என்று என்னுடைய அம்மாவும் சொல்லுவா, ஊரில் எல்லாரும் சொல்லுவார்கள், வைத்தியரும் சொல்லுவார். அதோடு நிற்காமல் ஒரு பிரசங்கமும் வைத்தேன். தேனுக்குள் எந்தக் கிருமியும் உயிரோடு இராது, தேன் கிருமியின் தண்ணீரை உறிஞ்சிக் கொன்றுவிடும், புண்ணுக்கே தேன் பூசுகிறார்கள், கிருமியைப் பற்றி எனக்கு நீர் படிப்பிக்க வேண்டாம் என்றேன். நாள் முழுக்க ஊசியைச் சுடுநீரில் அவித்துக்கொண்டிருந்தவன்தான் இதைச் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

காலையில் ஆளுக்கு ஒரு துண்டு என்று தொடங்கினோம். எனக்கு நல்ல ருசி. அவளுக்கு மணமே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள்.

வைகாசி பிறந்தது. அம்மன் கோயிற் பொங்கல் வரும் மாதம். அவளுடைய ஊரில் அந்த நாட்களில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வீட்டுக்குள் வராது. சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். போத்தலை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு, பொங்கல் முடியட்டும் என்றாள். நான் கதிரையில் ஏறி எடுத்துக்கொண்டு வந்து, துண்டைத் தட்டில் வைத்து அவளுக்கு முன்னால் தள்ளினேன்.

“இது மச்சமில்லை, மருந்து. சாப்பிடும்.”

“அது அம்மனுக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

சிரித்தேன். உங்களுடைய அம்மனுக்கு இரத்தச் சோகையைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அதன் பிறகு அந்தப் பொங்கல் முடியும்வரை ஒவ்வொரு நாளும் என்னைக் கேளாமல் தானே போத்தலைத் திறந்து, ஆளுக்கு ஒன்றாக இரண்டு துண்டு எடுத்து வைத்தாள். எனக்கு அது வெற்றியாகப் பட்டது.

ஆவணியில் சிறுபோக நெல்வெட்டு. வயல் பக்கம் சைக்கிளில் போனபோது நெற்கதிரைச் சூடு மிதிக்கிற களத்துத் தூசு வலக்கண்ணில் விழுந்து, அடுத்த நாள் காலை கண் வீங்கித் திறக்க முடியாமல் இருந்தது. முப்பது துண்டு காத்துக் கிடந்தது. இடக்கண்ணால் பார்ப்போம் என்று முதல் தடவையாக அந்தக் கண்ணைக் குழாயில் வைத்தேன்.

கஞ்சித் தண்ணீரை ஊற்றியது போல எல்லாம் வெளுத்திருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. துண்டை அசைத்தேன். செங்கலங்கள் ஓரத்தால் ஓடின, நடுவில் இருந்த வெறுமை அசையவில்லை. மேல்வில்லையைத் திருகினேன். சுழலவில்லை. கீழ்வில்லையை, துண்டில் விடும் எண்ணெய் போகத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன். மூன்றாந்தரம் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் துடைத்தேன். வெளிச்சம் தரும் கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். முகில் பிடித்துக்கொண்டு கிடக்கிறது என்று வானத்தையும் குறை சொன்னேன். வெளியே நல்ல வெய்யில் எறித்துக்கொண்டிருந்தது.

கடைசியாகத் தலையைத் தூக்கி, எதிர்ச்சுவரில் இருந்த கலண்டரை அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தேன். எந்தத் திகதியைப் பார்க்கிறேனோ அந்தத் திகதி இல்லை. அதைச் சுற்றியுள்ள திகதிகள் எல்லாம் இருந்தன. வேறு திகதிக்குக் கண்ணைத் திருப்பினால் முதல் திகதி திரும்பி வந்தது, நான் பார்த்தது காணாமல் போனது. 

ஒருவருக்கும் சொல்லவில்லை. இரத்தம் பார்க்கிறவனுக்குக் கண் பழுது என்று தெரிந்தால் அடுத்த மாதமே வேறு மேசைக்கு மாற்றி, கடிதம் அடுக்க விடுவார்கள். வலக்கண் சுகமாகிவிட்டது, வேலைக்கு அது போதும், இது தானாகப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் கந்தோர்க் கதவைத் திறந்தவுடன் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு கலண்டரைப் பார்ப்பேன். முதலில் ஒரு திகதிதான் இல்லாமல் இருந்தது. புரட்டாதியில் பக்கத்துத் திகதியும் போனது. கண்ணுக்குள் கரித்தூள் மிதந்து திரிந்தது. கையால் விரட்டினேன், இலையானோ கொசுவோ என்று நினைத்து.

அந்த இரண்டு மாதமும் காலையில் தேன் இறைச்சி நடந்துகொண்டே இருந்தது. முதற்போத்தல் முடிய, கமக்காரர் இரண்டாவதும் கொண்டுவந்து தந்தார். அவளுக்கு வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. பார்த்தீரோ, நான் சொன்னது சரிதானே என்று அதையும் சொல்லிக் காட்டினேன்.

ஐப்பசியில் கண் சிவந்து நோகத் தொடங்கியது. வெளிச்சத்தைக் கண்டால் கண்ணீர் வடிந்தது. இனி ஒளிக்க முடியாது என்று ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். பஸ் ஆனையிறவைத் தாண்டியபோது உப்பளத்து வெள்ளை கண்ணில் குத்தியது. கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் ஏதோ செத்தவீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து, ஆர் மோனை என்று கேட்டா.

கண் டொக்டர் வயதானவர், ஆறுதலாகக் கதைக்கிறவர். மருந்து விட்டு, இருட்டறையில் விளக்கைப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் இரண்டு வட்டம் கீறி, நிறப்பென்சில் பெட்டியைத் திறந்து, பார்த்ததை வரையத் தொடங்கினார். வலப்பக்க வட்டத்தில் சிவப்பு நரம்புகள் மட்டும். இடப்பக்க வட்டத்தின் நடுவில் மஞ்சள் பென்சிலால் ஒரு கட்டி. அதன் ஓரத்தைச் சுற்றிக் கறுப்புப் பென்சிலால் ஒரு கோடு, இன்னும் முழுதாக மூடாத வட்டமாக.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அப்படியென்றால் உனக்கு விளங்கும் என்று தன் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். கண்ணின் பின்சுவரில் பார்க்கிற கலங்களுக்கு அடியில் இன்னொரு படை கலங்கள் ஒற்றை வரிசையாய்ப் பதித்த கல் போல இருக்கின்றன, ஒவ்வொன்றின் வயிற்றிலும் கறுப்புப் பொடி, பார்க்கிற கலங்களுக்குச் சாப்பாடு கொடுப்பது அவற்றின் வேலை என்றார். ஒரு கிருமி வந்து கலம் ஒன்றுக்குள் புகுந்து, உள்ளேயே பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்து பக்கத்துக் கலத்துக்குள் போகும். அடிபட்ட கலங்கள் உதவிக்குக் கூப்பிட, இரத்தத்தில் இருந்து வெள்ளைக் கலங்கள் படையாய் வந்து இறங்கும். நான் பார்க்கும் கஞ்சிப் புகை கிருமியால் வந்தது அல்ல, நம்முடைய படை எழுப்பிய புழுதி. அதற்குப் பிறகு சாகாமல் தப்பிய கறுப்புக் கலங்கள் பெருகி, தங்கள் கறுப்பையும் சுமந்துகொண்டு காயத்தின் ஓரத்துக்கு வந்து குவியும்.

“வயலிலை வரம்பு கட்டுற மாதிரி. அதுகளுக்கு வேறை வேலை தெரியாது. கட்டுற இடம் பார்வையின்ரை நடுவோ, ஓரமோ எண்டும் தெரியாது. கட்டி முடிச்சால் உள்ளுக்கை ஒண்டும் முளையாது.”

கிருமி செத்துப்போகுமா என்று கேட்டேன். இல்லை என்றார். தன்னைச் சுற்றி ஓடு போல ஒரு கோது கட்டிக்கொண்டு அந்த வரம்படியில் படுத்துவிடும். பத்து வருடம் கழித்து எழும்பினாலும் எழும்பும், எழும்பாமல் விட்டாலும் விடும்.

எனக்குத் தந்த குளிசைகளில் ஒன்றைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. மலேரியாவுக்கென்று எங்கள் கந்தோர் அலுமாரியில் இருந்த அதே குளிசை. என் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் அது இரண்டு மாதமும் இருந்திருக்கிறது.

எழுதிக்கொண்டே டொக்டர் கேட்டார், வீட்டில் பூனை இருக்கிறதா என்று. இல்லை. பச்சையாக, அரைவேக்காடாக இறைச்சி சாப்பிடும் பழக்கம் உண்டா என்று. தேன் போத்தலைப் பற்றிச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“வீட்டிலை ஆரும் பிள்ளைத்தாச்சியோ?”

ஓம் என்றேன். அவவும் சாப்பிட்டவவோ என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். இந்தக் கிருமி தாயின் இரத்தத்தில் இருந்து பிள்ளைக்குப் போகும், போனால் முதலில் தேடுவது மூளையையும் கண்ணையும்தான், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் போவதில்லை, பயப்படவேண்டாம், இறைச்சியை உடனே நிற்பாட்டு என்றார். இந்தக் குளிசையை அவளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டேன். வயிற்றுப் பிள்ளைக்கு அதுவே கேடு, இனிப் பிறக்கும்வரை பார்த்திருக்க வேண்டியதுதான் என்றார். கண்ணில் குறை தெரிந்தது எப்போது என்று அவர் கேட்டபோது, போன கிழமை என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து போத்தலைக் கொண்டுபோய்க் கந்தோர் வேலிக்கு அப்பால் கொட்டிப் புதைத்தேன். மனைவி ஏன் என்று கேட்டாள். என் கண்ணுக்கு இறைச்சி சூடாம், டொக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். அப்ப நானும் இனிச் சாப்பிடமாட்டன் என்று சந்தோசமாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் பயத்தை ஏன் கூட்டவேண்டும் என்று நினைத்தேன். அது நியாயமான காரணந்தான். அதற்குப் பின்னால் வேறு காரணம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

கண்ணில் புகை விலகியது. நடுவில் இருந்த வெறுமை விலகவில்லை. டொக்டர் இரண்டாந்தரம் வரைந்த படத்தில் மஞ்சள் போய், கறுப்பு வட்டம் முழுதாக மூடியிருந்தது. கார்த்திகை மழை முழுக்க எனக்கு ஒரே எண்ணம்தான். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு இருப்பாள், நான் அவள் வயிற்றைப் பார்ப்பேன். அங்கேயும் இப்போது வரம்பு கட்டுகிறார்களா என்று நினைப்பேன். பிள்ளை உதைக்கிறது, கையை வையுங்கோ என்று கூப்பிடுவாள். வைப்பேன். வைத்த கையை எடுக்க மனமில்லாமலும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

மார்கழியில் மகள் பிறந்தாள். நல்ல நிறை, நல்ல சத்தம். தலையைத் தடவிப் பார்த்தேன், கை காலை எண்ணிப் பார்த்தேன். மருத்துவிச்சி அம்மா சிரித்தா. மூன்றாம் மாதத்தில் பிள்ளையின் இடக்கண் இலேசாக உள்ளே இழுப்பதை மனைவிதான் முதலில் கண்டாள். செல்லப் பார்வை என்று சொல்லிக் கொஞ்சினாள். நான் அடுத்த பஸ்ஸில் இருவரையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். எனக்குத்தான் கண் காட்டவேண்டும், பிள்ளையையும் ஒருக்கால் காட்டுவோம் என்று சொல்லியிருந்தேன்.

பிள்ளையை மனைவி மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அது அழுது களைத்து, வாயைத் திறந்தபடி விளக்கைப் பார்த்தது. டொக்டர் வலக்கண்ணைப் பார்த்தார், இடக்கண்ணைப் பார்த்தார், திரும்பவும் இடக்கண்ணைப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து காகிதத்தில் இரண்டு வட்டம் கீறினார். நான் அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்புப் பென்சிலால் நரம்புகளைக் கீறினார். அதைப் பெட்டியில் வைத்தார். பெட்டிக்கு மேலே கை கொஞ்சம் நின்றது. பிறகு கறுப்பை எடுத்தார்.

“பழசு, தம்பி” என்றார் மெதுவாக. “பிறக்க முன்னமே ஆறிப்போச்சு.”

மஞ்சள் தேவைப்படவில்லை. வட்டம் முழுதாக மூடியிருந்தது. வெளிச்சம் என்று ஒன்றைக் காணுமுன்பே அந்தக் கலங்கள் என் பிள்ளையின் கண்ணுக்குள் வந்து தங்கள் வேலையை முடித்துவிட்டன. மற்றக் கண் நன்றாக இருக்கிறது, படிப்பாள், எல்லாம் செய்வாள், வருடா வருடம் கொண்டுவந்து காட்டு என்றார். மனைவி என்னவாம் என்று கேட்டாள். பிறவியிலேயே ஒரு தழும்பாம் என்றேன். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று நினைத்திருப்பார். பென்சில் பெட்டியை மூடினார்.

அடுத்து வந்த வைகாசியில் மனைவி ஒரு மாதம் முழுக்க விரதம் இருந்தாள். பொங்கலுக்கு மூன்று பேரும் போனோம். தட்டாரிடம் சொல்லி வெள்ளியில் கண் செய்வித்திருந்தாள். ஒரு சோடி இருக்கும் என்று நினைத்தேன். முடிச்சை அவிழ்த்தபோது இரண்டு சோடி இருந்தது, ஒன்று சின்னன். சனத்துக்குள் நெரிபட்டுப் போய் இரண்டையும் போட்டுவிட்டு வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. பஸ்ஸுக்கு நின்றபோது, பிள்ளையின் தலைக்குச் சீலைத் தலைப்பால் நிழல் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அம்மனிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். பிழை என்னிலைதான் எண்டு. நீங்கள் குடாநாட்டுக்காரர், உங்களுக்கு எங்கடை அம்மனைத் தெரியாது. எனக்குத் தெரியுமெல்லே. தெரிஞ்சும் விரத நாளிலை என்ரை கையாலைதானே எடுத்து உங்களுக்கும் தந்தனான். உங்கடை கண்ணும் என்னாலைதான்.”

சொல்ல வேண்டியது முழுதாக என் வாயில் இருந்தது. அம்மன் இல்லை, நான். அவிக்கப்போன உன்னை மறித்தவன் நான். தட்டைத் தள்ளியவன் நான். கண் போகிறது என்று தெரிந்தும் இரண்டு மாதம் ஒளித்து, அந்த இரண்டு மாதமும் உனக்கு ஊட்டியவன் நான். அவள் எனக்கு எதிரே நின்றாள். வலக்கண்ணில் புழுதி விழ, அதைக் கசக்கிக்கொண்டு இடக்கண்ணால் அவளைப் பார்த்தேன். சேலை தெரிந்தது, பிள்ளையின் கால் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

“பஸ் வருது” என்றேன். “பிள்ளையைத் தாரும்.”

அவள் அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் இருந்தாள். சாகும்வரை மச்சம் தொடவில்லை. ஊரில் எல்லாரும் அதைப் பக்தி என்றார்கள். கேட்டவர்களுக்கு நானும் அப்படித்தான் சொன்னேன்.